சுவரின் வெண்மை: சுண்ணமும் ஈயமும்

வீட்டுச் சுவருக்கு நிறமேற்றுவதைத் தமிழர் இன்றும் 'வெள்ளையடித்தல்' என்று வழங்குகின்றனர். பூசப்படுவது நீலமாயினும் பச்சையாயினும் அச்செயலின் பெயர் வெள்ளையடித்தலே. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரிடையே 'சாயம் பூசுதல்' என்னும் வழக்கு வலுப்பெற்றுவிட்ட போதிலும், முதியோர் நாவில் பழைய சொல் இன்னும் மறையவில்லை. அச்சொல்லுக்குள் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. ஒரு காலத்தில் சுவர்மேல் ஏறத்தக்கதாக எளிய மக்களுக்குக் கிட்டிய ஒரே நிறம் சுண்ணாம்பின் வெண்மைதான் என்பதே அது.

ஆயினும் உலக வரலாற்றில் வீடுகளை அணி செய்த வெண்மைகள் இரண்டு. ஒன்று சுண்ணாம்பு, மற்றொன்று ஈயவெள்ளை. பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. வேதியியல் நோக்கிலும் அவற்றிடையே ஒரு வியத்தகு ஒற்றுமை உண்டு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உண்டு மீண்டும் கல்லாக இறுகுகின்றது. ஈயமும் காடியின் ஆவியாலும் கரியமிலவாயுவாலும் அரிக்கப்பட்டே வெண்பொடியாகின்றது. ஒன்றன் அடிப்படை சுண்ணகம். மற்றொன்றன் அடிப்படை ஈயம். இந்த ஒரு வேறுபாடு எத்தனை குழந்தைகளின் கண்ணொளியையும் கைகால் வலிமையையும் பறித்தது என்பதை எண்ணும்போது, வீடு கட்டுவோரும் புதுப்பிப்போரும் எப்பொருளைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது வெறும் அழகுணர்ச்சி பற்றிய வினாவன்று என்பது புலனாகும்.

முதலில் சுண்ணாம்பை நோக்குவோம். 'சுதை' என்பது சுண்ணச் சாந்தைக் குறிக்கும் பழஞ்சொல். கோபுரங்களில் அமர்ந்திருக்கும் தெய்வ உருவங்களைச் 'சுதைச் சிற்பம்' என்று சொல்வதில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. கடற்சிப்பி, கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைச் சூளையில் சுட்டு, நீர் வார்த்து, கொதித்து அடங்கியபின் நாட்கணக்கில் ஊற வைத்து, அரைத்து, அதனுடன் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்கள் தமிழகத்தில் கண்ணாடிபோல் மின்னின. செட்டிநாட்டு மாளிகைகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதன் குளிர்ச்சியையும் வழுவழுப்பையும் எளிதில் மறவார்.

இக்கலை கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வந்தது. ஆங்கிலேயர் அதனைச் 'சென்னைச் சுண்ணம்' என்னும் பொருள்பட 'மெட்ராஸ் சுனாம்' என்று அழைத்தனர். 'சுண்ணம்' என்னும் நம் சொல்லின் உருவமே அவர்தம் நாவில் அவ்வாறு திரிந்தது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் திருநிலைப்படுத்தப்பெற்றது. அதனைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட அவர்கள் சாலை அமைத்தனர், காடு வெட்டினர், செங்கல் சுட்டனர். 1873இல் அவர்களுடைய சிறை மூடப்படும்வரை அத்தீவின் பெருங்கட்டடங்கள் பலவற்றில் அவர்கள் கைவண்ணம் படிந்தது. அக்கைதிகளை மேற்பார்வையிட்ட மெக்நேர் என்னும் பொறியாளர் 1899இல் வெளியிட்ட நூலில், பேராலயத்தின் சுவருக்குப் பூசிய சாந்தின் சேர்மானத்தைக் குறித்து வைத்துள்ளார். மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, கரடுமுரடான சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவையே அச்சேர்மானம். சாந்து உலர்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சிறைப்பட்ட மனிதரின் கைகள் சமையற்கட்டுப் பொருள்களைக் கொண்டு ஒரு பேராலயத்துக்கு ஒளியூட்டின என்பது பெருமையும் வருத்தமும் ஒருங்கே தரும் செய்தியாகும்.

எளியோர் வீட்டுச் சுண்ணாம்புக்கு முட்டையும் இல்லை, மெருகும் இல்லை. நீரில் கரைத்து மட்டையாலோ தூரிகையாலோ அடித்தால் போதும். மலாயாவின் தோட்டப்புற லயங்கள் இவ்வாறு வெள்ளையடிக்கப்பட்டவையே. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை நோய்க்கிருமிகளையும் பூஞ்சையையும் வளரவொட்டாமல் தடுக்கின்றது. சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிட அது தடையாக நிற்பதில்லை. உலர்ந்தபின் அதிலிருந்து நச்சு ஆவி எழுவதில்லை. தாம்பூலத்தில் தடவும் பொருளும் சுவரில் அடிக்கும் பொருளும் ஒன்றே என்பதை எண்ணிப் பார்க்கலாம். அளவு மிகுந்தால் வாய் வெந்துபோகும் என்பதும், நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு என்பதும் உண்மையே. ஆனால் அக்கேடு உடனே சுடும், மறைந்திருந்து கொல்லாது.

பின் ஏன் உலகம் சுண்ணாம்பை விட்டு ஈயத்தை நாடியது? விடை எளிது. சுண்ணாம்பு மழையில் கரையும். சாய்ந்தவர் சட்டையில் ஒட்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். மரத்தில் அது நன்கு பிடிப்பதுமில்லை. ஈயவெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினாலோ, ஈயமும் எண்ணெயும் இணைந்து உறுதியும் நெகிழ்வும் கொண்ட படலமாகின்றன. அது வெயிலில் விரியும் மரத்தோடு தானும் விரியும். கீழேயுள்ள நிறத்தை முற்றிலும் மறைக்கும். பல ஆண்டுகள் நிற்கும். வேலை தெரிந்த சாயக்காரர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. அது மோசமான பொருளாக இருந்து மக்களை ஏமாற்றவில்லை. மிக நல்ல பொருளாக இருந்தே ஏமாற்றியது.

அதன் நச்சுத் தன்மை பிற்காலத்தார் கண்டறிந்த புதுமையுமன்று. கிறித்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டிலேயே நிக்காண்டர் என்னும் கிரேக்கப் புலவர் ஈயவெள்ளையை உட்கொண்டவர் படும் துன்பத்தைப் பாடலாக்கினார். உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு, ஈயவெள்ளை தீங்கானது என்பதால் அதற்கு மூலமான ஈயக் குழாய்வழி வரும் நீரும் நன்றன்று எனக் கூறி, ஈய வேலை செய்வோரின் வெளிறிய மேனியைச் சான்று காட்டினார். 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றி நூலெழுதிய இத்தாலிய மருத்துவர் இராமசினி, சாயக்காரர்களின் உடல்நலிவுக்கு அவர்கள் கையாளும் வண்ணங்களே காரணம் என்று சுட்டினார். 1839இல் பிரெஞ்சு மருத்துவர் டங்கரேல் ஈய நோய்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். வயிற்றைப் பிசையும் வலி, ஈறுகளில் நீலக்கோடு, மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கிப்போதல், இறுதியில் வலிப்பும் மூளைக் கலக்கமும் ஆகிய இவையெல்லாம் மருத்துவர் நன்கறிந்த அறிகுறிகளாயின. நோய்க்குச் 'சாயக்காரர் வலி' என்றே பெயரிட்டனர். பெயரைச் சூட்டியோர் பொருளை விலக்க முன்வரவில்லை.

ஈயவெள்ளை ஆக்கப்பட்ட முறையே அச்சமூட்டுவது. மண்பானைகளில் காடியை ஊற்றி, அதன்மேல் ஈயத் தகடுகளை வைத்து, சுற்றிலும் குதிரைச் சாணத்தையோ தோல் பதனிடும் மரப்பட்டையையோ நிரப்பி, அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றி மூடிவிடுவர். சாணத்தின் வெப்பமும் கரியமிலவாயுவும் காடியின் ஆவியும் சேர்ந்து வாரக்கணக்கில் வேலை செய்யும். திறந்து பார்த்தால் ஈயம் வெண்செதில்களாக மாறியிருக்கும். அச்செதில்களைச் சுரண்டிக் கூடைகளில் சுமந்து உலர்களத்துக்குக் கொண்டுசென்றவர்கள் இங்கிலாந்தில் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்கள் நிலையைச் சார்லசு டிக்கன்சு 1868இல் கிழக்கு இலண்டனைச் சுற்றிவந்து எழுதினார். நோய் வருமெனத் தெரிந்தும் வேறு வேலையின்மையால் அவர்கள் அவ்வாலைகளின் வாயிலில் நின்றனர்.

மாற்றுப்பொருள் இல்லாமலா இத்துன்பம் நீடித்தது? இல்லை. பிரான்சில் 1780களிலேயே துத்தநாக வெள்ளையை ஈயத்துக்கு மாற்றாகக் கொள்ளலாமென அறிஞர் கித்தோன் தெ மோர்வோ எடுத்துரைத்தார். விலை மிகுதி என்பதால் வணிகர் செவி சாய்க்கவில்லை. அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அறிஞரல்லர்; ஒரு சாயக்காரர். 1801இல் சிற்றூர்ச் செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஷான் லெக்ளேர், இளமையில் பாரிசுக்கு வந்து, வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழில் பயின்று, பின்னர் அத்தொழிலில் பெரிய குத்தகையாளரானார். தம் ஆட்கள் ஈய நோயால் வீழ்வதைக் கண்ட அவர் 1840களில் துத்தநாக வெள்ளையை மலிவாக ஆக்கவும் எண்ணெயில் விரைவில் உலரச் செய்யவும் வழி தேடினார், வெற்றியும் கண்டார். இதே மனிதர்தாம் இலாபத்தைத் தொழிலாளரோடு பங்கிடும் முறையைத் தொடங்கியவர். அவர் சொன்னதை எவரும் நம்பாதபோது, பொற்காசு மூட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டிப் பங்கிட்டாராம். தொழிலாளியின் பையையும் குடலையும் ஒருசேரக் காக்க எண்ணிய முதலாளிகள் வரலாற்றில் அரியர்.

1909இல் பிரெஞ்சு நாடு கட்டடச் சாயப் பணியில் ஈயவெள்ளையைத் தடைசெய்து சட்டமியற்றியது. ஆயினும் அது நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் அவகாசம் அளிக்கப்பட்டது. தொழிலாளியின் உடல் பற்றிய கதை இவ்வாறு ஐரோப்பாவில் நடந்துகொண்டிருக்க, குழந்தையின் உடல் பற்றிய கதை உலகின் மறுகோடியில் தொடங்கியது.

ஆசுதிரேலியாவின் குயின்சுலாந்து மாநிலம் வெப்பமும் மழையும் மிகுந்தது. அங்குள்ளோர் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய மரவீடுகளில் வாழ்ந்தனர். கம்பத்து மலாய் வீடுகளைக் கண்டு பழகியவர்க்கு அவை அயலானவையாகத் தோன்றா. வீட்டைச் சூழ்ந்து அகன்ற திண்ணைகள் இருந்தன. திண்ணையின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பிவரிசை. குழந்தைகள் பகற்பொழுதைக் கழித்தது அங்கேதான். மரம் மட்காமலிருக்க அனைத்தும் ஈயச் சாயம் பூசப்பட்டவை.

1892இல் பிரிசுபேன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆல்பிரட் செப்பரிசு டர்னர், குழந்தைகளிடையே ஈய நஞ்சேற்றம் காணப்படுவதை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். (இவர் பூச்சியியலிலும் புலமை மிக்கவர், அந்துப்பூச்சிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். நுண்ணியவற்றைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் மருத்துவத்திலும் அவருக்குத் துணை செய்தது போலும்.) தொழிற்சாலைக்குள் கால் வைத்திராத குழந்தைக்குத் தொழிலாளியின் நோய் எவ்வாறு வந்தது என்பதே புதிர். குடிநீர், உணவு, விளையாட்டுப் பொருள் என ஐயுறத்தக்கவை பல. ஆண்டுகள் உருண்டன. நோயாளிகளோ தொடர்ந்து வந்தனர். கால் தளர்ந்து நடை தடுமாறும் குழந்தைகள், ஓயாது வாந்தியெடுக்கும் குழந்தைகள், கண்ணின் நரம்பு வீங்கிப் பார்வை மங்கிய குழந்தைகள்.

புதிரை அவிழ்த்தவர் சான் லாக்கர்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர். 1904இல் அவர் எழுதிய கட்டுரை, திண்ணைக் கம்பிகளும் அறைச் சுவர்களும் தாங்கிய சாயமே நஞ்சின் ஊற்று என வாதிட்டது. குயின்சுலாந்தின் கடும் வெயிலில் ஈயச் சாயம் நாளடைவில் பொடியாகின்றது. அப்பொடி மழைத்துளியோடும் வியர்வையோடும் சேர்ந்து கையில் ஒட்டுகின்றது. விரல் சூப்பும் குழந்தையும் நகம் கடிக்கும் குழந்தையும் அதனை நாள்தோறும் சிறிது சிறிதாக உட்கொள்கின்றன. நோயுற்ற குழந்தையை மருத்துவமனையில் வைத்துக் குணப்படுத்தி அதே திண்ணைக்குத் திருப்பியனுப்பினால் நோய் மீண்டும் வருகின்றது.

இத்துணைத் தெளிவாகக் கூறியும் உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்றால் இல்லை. ஐரோப்பாவில் காணப்படாத நோய் பிரிசுபேனில் மட்டும் எப்படி இருக்கும் என்று ஐயுற்றனர். ஓரத்து நாடொன்றின் மருத்துவர் கண்டதைத் தலைநகரங்கள் நம்பத் தயங்குவது அன்று மட்டுமா நடந்தது? 1922இல்தான் குயின்சுலாந்து அரசு, குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் ஈயச் சாயம் பூசுவதைத் தடுத்துச் சட்டமியற்றியது. கிப்சனின் கட்டுரைக்கும் சட்டத்துக்கும் இடையே 18 ஆண்டுகள். 1904இல் கம்பியைப் பிடித்து நடை பழகிய குழந்தை, சட்டம் வந்தபோது தானே ஒரு குழந்தைக்குப் பெற்றோராகும் அகவையை அடைந்திருக்கும்.

நஞ்சேற்றத்தின் முழுக் கணக்கு அதன் பின்னரே வெளிப்பட்டது. குழந்தைப் பருவத்தில் ஈய நோயுற்றுத் தேறியவர்கள் எனக் கருதப்பட்டோரில் பலர், இளைஞராயிருக்கையிலேயே சிறுநீரகம் பழுதுற்று இறப்பதைக் குயின்சுலாந்து மருத்துவர்கள் 1930களில் கவனித்தனர். 1954இல் எண்டர்சன் என்பார், முற்காலத்தில் மருத்துவமனையில் ஈய நோயாளிகளாகப் பதிவான ஏறத்தாழ 400 பேரைத் தேடிக் கண்டு அவர்தம் நிலையை ஆராய்ந்து, அத்தொடர்பை உறுதி செய்தார். ஈயம் சுண்ணகத்தைப் போல் நடித்து எலும்புக்குள் புகுந்து பல பத்தாண்டுகள் தங்குகின்றது. வளரும் உடல் எலும்புக்காகச் சுண்ணகத்தைத் தேடுகின்றது. அதன் இடத்தில் ஈயத்தையும் ஏற்றுக்கொள்கின்றது. உட்கொண்ட ஈயத்தில் வளர்ந்தவர் உடல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே ஏற்க, குழந்தையின் உடல் பாதியளவைக்கூட ஏற்கும்.

1921இல் செனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு ஈயவெள்ளை பற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கட்டடங்களின் உட்புறச் சாயப் பணியில் அதனைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் கருத்து. முழுத்தடை வேண்டுமென்றோர்க்கும் கட்டுப்பாடு போதுமென்றோர்க்கும் இடையே எழுந்த சமரசம் அது. ஆகவே இரயில் நிலையங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் விலக்களித்தனர். பிரிட்டன் அதில் கையொப்பமிட மறுத்தது. அதற்கு மாற்றாக 1926இல் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி, பழைய ஈயச் சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துச் சுரண்டுவதைத் தடை செய்தது. தூசியே எமன் என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது. பொருளைத் தடுக்காமல் தூசியை மட்டும் தடுக்க முயன்றதுதான் அதன் குறை.

அமெரிக்கா அவ்வளவும் செய்யவில்லை. அங்கு ஈய வணிகர்கள் குழந்தையின் உருவத்தையே தம் சாயத்துக்கு அடையாளமாக்கினர். 'டச்சு பாய்' என்னும் அவ்வணிகக் குறியில் தூரிகையேந்திய சிறுவன் ஒருவன் நின்றான். ஈயம் உடல்நலத்தைக் காக்கத் துணை செய்கின்றது என்னும் பொருள்பட 1923இல் விளம்பரமும் வெளியாயிற்று. அதே காலத்தில் தைத்தானிய வெள்ளை என்னும் புதிய மாற்றுப்பொருள் சந்தைக்கு வந்திருந்தது. 1916 முதல் ஆக்கப்பட்ட அது ஈயத்தினும் மிகுதியாக மறைக்கும் ஆற்றல் உடையது, நச்சற்றது. இன்று உலகிலுள்ள வெண்சாயங்களுக்கெல்லாம் அதுவே அடிப்படை. ஆயினும் அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடைசெய்த ஆண்டு 1978.

அந்நாட்டை விழிக்கச் செய்ததில் பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பங்குண்டு என்பது ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. 1943இல் பாசுடன் நகர மருத்துவர்களான பையர்சும் இலார்டும், ஈய நோயிலிருந்து மீண்ட 20 குழந்தைகளைப் பள்ளிப் பருவத்தில் ஆராய்ந்தனர். அவர்களுள் 19 பேர் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினர். பின்னர் எர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர், நோயாளிகள் எனக் கருதப்படாத பொதுக் குழந்தைகளை ஆராய எண்ணினார். ஈயம் குருதியில் நெடுநாள் நில்லாது, பல்லில் நிற்கும். எனவே பாசுடனை அடுத்த இரு நகரங்களில் தொடக்கப்பள்ளி மாணவர்களின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். வகுப்பாசிரியர்களிடம், எந்த மாணவர் பல்லில் எவ்வளவு ஈயம் என்பதைத் தெரிவிக்காமல், அவர்கள் கவனம் சிதறுவோரா, சொன்னதை வரிசையாகச் செய்ய இயலாதோரா, பகற்கனவில் ஆழ்வோரா என்று கேட்டார். 1979இல் வெளியான முடிவு தெளிவானது. பல்லில் ஈயம் மிக மிக, ஆசிரியர் கூறிய குறைகளும் மிகுந்தன. அறிவுத்திறன் மதிப்பெண்ணும் தாழ்ந்தது. 'மந்தம்' என்றும் 'அடங்காதவன்' என்றும் பெயர் வாங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேர் தம் வீட்டுச் சன்னலோரத்துத் தூசியைச் சுமந்துகொண்டு வகுப்புக்கு வந்தனரோ! நீடில்மன் மீது பிற்காலத்தில் ஆய்வு நேர்மை பற்றிய குற்றச்சாட்டு எழுப்பப்பட்டதும், விசாரணையில் அது நிலைபெறாமற் போனதும் தனிக்கதை. குழந்தைக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

வெண்மை மட்டுமா நஞ்சைச் சுமந்தது? 1775இல் சீலே கண்டறிந்த பச்சையும், 1814இல் வந்த சுவைன்பர்ட்டுப் பச்சையும் செம்பும் பாசாணமும் கலந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வரவேற்பறைகளில் அவை சுவர்த்தாளாக ஒட்டப்பட்டு, ஈரச் சுவர்களில் நச்சு ஆவியைப் பரப்பின. அடுத்த நூற்றாண்டில் கல்நார் வந்தது. 1901இல் ஆசுதிரியரான அட்செக், கல்நாரையும் சிமெண்டையும் கலந்து தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மலிவு, நெருப்புக்கு அஞ்சாமை, வெப்ப நாட்டு மழைக்குத் தாக்குப்பிடித்தல் என்னும் நற்குணங்களால் அத்தகடு மலாயாவின் கூரைகளிலும் ஏறியது. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாகனரும் அவர்தம் துணைவரும், கல்நார்ச் சுரங்கப் பகுதியில் நுரையீரல் உறையைப் பற்றும் அரிய புற்றுநோய் 33 பேருக்கு வந்ததை அறிவித்தனர். அவர்களுள் சுரங்கத்தில் வேலை செய்யாமல் அருகில் வாழ்ந்தோரும் அடங்குவர். சிங்கப்பூர் 1989 முதல் கட்டடங்களில் கல்நாரைத் தடை செய்துள்ளது.

ஈயச் சாயத்தின் கதை ஆசியாவில் அண்மைக்காலம்வரை நீண்டது. வெண்மைக்கு ஈயம் தேவையற்றுப்போன பின்னரும், பளிச்சிடும் மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் ஈயக் குரோமேட்டும், விரைவாக உலர்வதற்கு ஈய உப்புகளும் சேர்க்கப்பட்டு வந்தன. குழந்தைகள் விரும்பும் நிறங்களே இவை என்பது கொடுமை. அமெரிக்கா தன் வரம்பை 2009இல் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் குறைத்தது. இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டின் விதிகள் வீட்டுச் சாயங்களுக்கு அதே 90 பங்கு வரம்பை விதித்தன.

இன்று சுண்ணாம்பு மீண்டும் பேசப்படுகின்றது. பழங்கட்டடங்களைப் பேணுவோர், சுண்ணச் சுவரின்மேல் நெகிழிச் சாயம் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சாந்து உதிர்வதைக் கண்டு, பழைய முறைக்கே திரும்புகின்றனர். கைதிகள் தேய்த்து மெருகேற்றிய சாந்தின் செய்முறையை அறிஞர்கள் இன்று ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர்.

எனினும் பழைய வீட்டைப் புதுப்பிப்போர் எதிர்கொள்ளும் முதல் வினா, எதனைப் பூசுவது என்பதன்று. ஏற்கெனவே பூசப்பட்டிருப்பது எது என்பதாகும். உதிராமல் ஒட்டியிருக்கும் பழஞ்சாயம் தன்போக்கில் கிடக்கும்வரை பெருந்தீங்கு செய்வதில்லை. அதனை உலர்ந்த நிலையில் தாளிட்டுத் தேய்க்கும்போதும், நெருப்பால் சுட்டு உரிக்கும்போதும், இயந்திரத்தால் சுரண்டும்போதும்தான் ஈயம் தூசியாகவும் ஆவியாகவும் எழுந்து வீடெங்கும் படிகின்றது. கல்நார்த் தகட்டைத் துளையிடுவதும் அறுப்பதும் அத்தகையனவே. ஆகவே, சோதித்தறியும் முன் சுரண்டலாகாது. சுரண்ட நேர்ந்தால் நீர் தெளித்துச் சுரண்ட வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறுவரும் அவ்வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைக்கும்வரை அவ்வீட்டில் இருத்தலாகாது. பணியாளர் தம் ஆடையோடு அத்தூசியைத் தம் பிள்ளைகளிடம் கொண்டுசெல்லலாகாது. கல்நாரைத் தேர்ச்சி பெற்றோரே அகற்ற வேண்டும்.

பிரிசுபேனில் அக்காலத்து மரவீடுகள் பல இன்றும் நிற்கின்றன. பழமையின் அழகுக்காக மக்கள் அவற்றை விரும்பி வாங்கிப் புதுப்பிக்கின்றனர். திண்ணைக் கம்பிகளில் புதிய நிறங்கள் மின்னுகின்றன. அந்நிறங்களுக்கு அடியில், நான்காவது ஐந்தாவது படலமாக, கிப்சன் கண்ட அதே வெண்மை பல வீடுகளில் இன்னும் இருக்கின்றது.